உறைகுளிர்ப் பிளக்கும் கேள்வி ஞானமும்

வீட்டில் இசை கேட்பதையே ஒரு தவமாகக் கொண்டவர்களின் உலகில் சில பத்தாண்டுகளாக விற்பனையாகிவரும் பொருள்களுள் விசித்திரமானது சுவரில் பதிக்கும் பிளக் பாயிண்ட். பார்வைக்கு அது சாதாரணப் பிளக் பாயிண்ட்தான். அதன் உள்ளே இருக்கும் செம்பு அல்லது பித்தளைத் தகடுகளைத் திரவ நைட்ரஜனின் குளிருக்கு, அதாவது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 196 பாகை செல்சியஸ் வரை, கொண்டுபோய்ப் பின்னர் மெல்ல மெல்ல அறையின் வெப்பநிலைக்கு மீட்டிருப்பார்கள். இப்படி 'பக்குவம்' செய்யப்பட்ட பிளக்கின் வழியாக மின்சாரம் பெறும் ஆம்ப்ளிஃபயரில் பின்னணி அமைதி கூடும், தம்புராவின் இழைகள் பிரிந்து கேட்கும், பாடகரின் மூச்சு நம் அருகில் வரும் என்கிறார்கள். விலை சாதாரணப் பிளக்கைப் போலப் பல மடங்கு. இந்த நாட்டத்தின் எல்லையைக் காண விரும்புவோர் ஜப்பானைப் பார்க்கலாம். தோக்கியோவில் 82 வயது வழக்கறிஞர் ஒருவர் தம் இசைக்காகவே வீட்டு வளாகத்தில் தனி மின்கம்பம் ஒன்றை நட்டுக்கொண்ட செய்தியை 2016-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது.

இலக்கியம் பேசும் இடத்தில் பிளக் பாயிண்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்டல் பற்றிய எந்த வழக்கும் முடிவில் மொழியின் வழக்காகவே ஆகிவிடுகிறது என்பதே நம் பதில். 'இழை பிரிகிறது', 'மேடை விரிகிறது' என்பன அளவீடுகளல்ல, உவமைகள். இவ்வுவமைகள் எதைக் குறிக்கின்றன, உண்மையில் எதையாவது குறிக்கின்றனவா என்று சோதிக்க முனைந்தவர்களின் வரலாறு நூறாண்டுக்கும் மேல் நீண்டது. அதில் தஞ்சாவூருக்கும் ஓர் இடம் உண்டு.

ஆனால் நாம் முதலில் போக வேண்டியது சென்னையின் மேற்குப் புறநகருக்கு. பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் எம்.டி.எச். சாலையின் இருமருங்கும் உலோகத்தைப் பதப்படுத்தும் தொழிலை அறிந்த ஊர். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளிலும் ஹீட் ட்ரீட்மெண்ட் கூடங்களிலும் வேலை செய்த ஒருவரிடம் 'உலோகத்தை உறையவைத்தால் குணம் மாறுமா' என்று கேட்டால் அவர் சிரிக்கமாட்டார். மாறும் என்பார். கருவி எஃகைச் சூடேற்றித் திடீரெனக் குளிர்விக்கும்போது அதன் ஒரு பகுதி முழுக்கக் கடினமாகாமல் ஆஸ்டெனைட் என்ற வடிவிலேயே தங்கிவிடுகிறது. ஆழ்ந்த குளிருக்குக் கொண்டுபோனால் அந்த மிச்சமும் மார்ட்டென்சைட்டாக மாறிக் கருவியின் தேய்மானம் குறைகிறது. இதில் மாயம் ஏதுமில்லை. ஒலிப்பிரியர்களின் பிளக்குக்கு மரியாதை தேடித் தந்தது இந்த உண்மைதான். ஆயின் செம்பிலும் பிளக்குகளில் பயன்படும் வழக்கமான பித்தளையிலும் எஃகில் நிகழும் இந்த மாற்றத்துக்கு இடமில்லை. திரவ நைட்ரஜனில் மூழ்கியிருக்கும் வரை செம்பின் மின்தடை ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும் என்பது மெய். வெளியே எடுத்து அறைக்கு மீட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதும் மெய். எஃகுக்குப் பொருந்தும் நியாயத்தைச் செம்புக்குச் சூட்டிவிட்டார்கள்.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். 100 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயர் 230 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கிறது. பிளக்கின் தொடுமுனைகளில் 5 மில்லி ஓம் தடை இருப்பதாகக் கொண்டால் அங்கே இழக்கப்படுவது சுமார் 2 மில்லி வோல்ட். ஆம்ப்ளிஃபயர் மின்னோட்டத்தைச் சீராக எடுக்காது, உச்சங்களில் துள்ளித் துள்ளி எடுக்கும் என்று வல்லுநர்கள் குறுக்கிடுவார்கள்; சரி, பத்து மடங்கு வைத்துக்கொள்வோம், 22 மில்லி வோல்ட். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்பின் மின்னழுத்தம் ஏறவும் இறங்கவும் அனுமதித்த அளவு நூற்றுக்கு 6, அதாவது ஏறத்தாழ 14 வோல்ட். விதியின் எல்லையோடு நிற்காத மாலை நேர 'லோ வோல்டேஜ்' புறநகர்வாசிகளுக்குப் புதிதல்ல. குளிர்பெட்டியின் மேல் ஸ்டெபிலைசர் ஏறி உட்கார்ந்த கதை அதுதான். மேலும், மெயின் போர்டிலிருந்து அந்தப் பிளக் வரை சுவருக்குள் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லி ஓம் தடையுடையது. போக 20 மீட்டர், வர 20 மீட்டர் என்றால் அதுவே பிளக்கின் தடையைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். அதற்கு அப்பால் தெருக்கம்பத்து அலுமினியக் கம்பிகள் உள்ளன. கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் புனிதப்படுத்துவது, பாலாற்றின் முகத்துவாரத்தில் ஒரு வடிகட்டியைக் கட்டுவது போன்றது.

எனினும் கணக்கு மட்டும் போதாது. 'உன் கணக்கு இருக்கட்டும், எனக்குக் கேட்கிறதே' என்பவருக்குக் கணக்கு விடையாகாது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கிறது. பிளக்கினால்தான் கேட்கிறதா என்பது வேறு வினா. செவியனுபவத்தையும் அதன் காரணத்தையும் பிரித்தறியும் முறையைக் கண்டுபிடிக்கத்தான் நெடுநாள் பிடித்தது.

1916-ஆம் ஆண்டு இவ்வகையில் நமக்குச் சுவையானது. அவ்வாண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் எடிசன் நிறுவனம் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் ஒரு கிராமஃபோன் பெட்டி, அருகே அந்த இசைத்தட்டில் பாடிய பாடகியே நிற்கிறார். தட்டு சுழல்கிறது, பாடகியும் உடன் பாடுகிறார், நடுவே நிறுத்துகிறார், மீண்டும் சேர்கிறார். எது குரல், எது பெட்டி என்று சபை திகைக்கிறது. 'டோன் டெஸ்ட்' எனப்பட்ட இத்தகைய நிகழ்ச்சிகளை அந்நிறுவனம் 1915 முதல் பத்தாண்டுக் காலம் அமெரிக்கா முழுவதும் நடத்திற்று. விளக்கை அணைத்து, மீண்டும் ஏற்றும்போது பாடகியே மேடையில் இல்லை என்று காட்டுவதும் உண்டு. இன்று அந்தத் தட்டுகளைக் கேட்கும் நமக்கு ஒரு குழந்தைகூட ஏமாறாது என்று தோன்றும். அந்நிகழ்ச்சிகளில் பாடிய ஆன்னா கேஸ், தட்டின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலை அமைத்துக்கொண்டு பாடியதாக முதுமையில் சொன்னார். சோதனை என்ற பெயரில் நடந்தது விளம்பரம். வித்தியாசம் தெரியவில்லை என்று சபையைச் சொல்லவைத்து அன்று பெட்டியை விற்றார்கள். வித்தியாசம் தெரிகிறது என்று சொல்லவைத்து இன்று பிளக்கை விற்கிறார்கள். இரண்டிலும் என்ன கேட்க வேண்டும் என்பது கேட்பவருக்கு முன்னரே சொல்லப்பட்டுவிடுகிறது.

அதே 1916, மார்ச் மாதம், பரோடா. பாத்கண்டேயின் முயற்சியில் மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவோடு கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தஞ்சையிலிருந்து ஆபிரகாம் பண்டிதர் சென்றிருந்தார். சித்த மருத்துவர், கருணானந்தபுரம் பண்ணையை உருவாக்கியவர், 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய வழக்கு மின்சாரம் பற்றியதன்று. ஒரு ஸ்தாயியில் சுருதிகள் இருபத்திரண்டா, இருபத்துநான்கா என்பது. வடமொழி நூல்வழி வந்த 22 என்ற எண்ணை மறுத்து, சம இடைவெளியுள்ள 24 சுருதிகளே பழந்தமிழ் இசைக்கு உரியன என்று அவர் வாதிட்டார். கணக்கை எழுதிக் காட்டியதோடு நில்லாமல், தம் குடும்பத்துப் பெண்களைப் பாடச்செய்தும் காட்டினார்.

இதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நூல் சொல்கிறது என்பதால் சரி என்றிருந்த ஒரு துறையில், 'பாடிக் காட்டுகிறேன், கேட்டுச் சொல்லுங்கள்' என்று சபையின் செவிக்கு முறையீடு செய்தது பெரிய நகர்வு. கிளமெண்ட்ஸ், தேவல் ஆகியோர் தம் 22 சுருதிக் கொள்கைக்கு ஹார்மோனியமே செய்துவைத்திருந்த காலம் அது. கொள்கைகள் ஏட்டிலிருந்து இறங்கி ஒலியாக நிற்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. ஆயினும், கொள்கைக்கு உரியவரின் வீட்டாரே பாடி, எந்தக் கொள்கைக்காகப் பாடப்படுகிறது என்பதும் சபைக்குத் தெரிந்திருக்கும்போது, கேட்டவர் தலையசைத்தது சுருதிக்கா, பண்டிதருக்கா? சமமாகப் பகுத்த 24-இல் ஒரு சுருதி, செண்ட் எனும் அளவில், 50. 22-ஐயும் சமமாகவே பகுத்தால் (அக்கொள்கையினர் அப்படிப் பகுப்பதில்லை) 54.5. நாலரை செண்ட் என்பது தேர்ந்த செவிக்கும் எல்லைக்கோடு. இத்தகைய எல்லையில்தான் பெயரும் மதிப்பும் செவிக்குள் புகுந்து வேலை செய்கின்றன. பண்டிதர் தம் ஆய்வை 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலாக வெளியிட்டார். அதை அச்சிட்டது தஞ்சையில் அவரே நிறுவிய லாலி எலக்ட்ரிக் அச்சகம். சுருதியும் எலக்ட்ரிக்கும் ஒரே முகப்பில் நிற்கும் அந்தப் புத்தகம் இக்கட்டுரைக்கு முன்னோடி என்று நமக்கு ஒரு சிறு கர்வம்.

குறையாக இருந்தது ஒன்றே: பெயரை மறைத்தல். அதுவும் புதிதல்ல. மெஸ்மரின் 'காந்த சக்தி'யை விசாரிக்க 1784-இல் பிரான்சில் அமைந்த குழு, பெஞ்சமின் ஃபிராங்க்ளினை உள்ளிட்டது, நோயாளிகளின் கண்ணைக் கட்டிச் சோதித்தது. காந்தம் ஏற்றாத மரத்தைத் தழுவியும் மயங்கினார்கள். 1935-இல் வெளியான ஃபிஷரின் நூல் இதற்குக் கணக்கு தந்தது. பாலை முதலில் ஊற்றிய தேநீரா, பின்னர் ஊற்றியதா என்று சுவைத்தே சொல்வதாகக் கூறிய ஒரு பெண்மணிக்கு எட்டுக் கோப்பைகள், நான்கு இவ்விதம், நான்கு அவ்விதம். குருட்டாம்போக்கில் அத்தனையையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. டிகாஷன் முதலா பால் முதலா என்று கும்பகோணத்தில் சண்டையிடுபவர்களுக்கும் இதே கணக்குதான். 1950-இல் பெல் ஆய்வகத்தினர் இதைச் செவிக்குக் கொண்டுவந்தனர். 'அ' ஒன்று, 'ஆ' ஒன்று, மூன்றாவதாக வருவது இவ்விரண்டில் எது என்று கேட்பவர் சொல்ல வேண்டும். 1970-களின் இறுதியில் மிச்சிகனின் ஒலிப்பிரியர்கள் சிலர் இதற்கொரு பெட்டியே செய்தார்கள். எதை ஒலிக்கிறது என்பது பெட்டிக்கு மட்டுமே தெரியும், சோதிப்பவருக்கும் தெரியாது.

விளைவுகள் கசப்பாக இருந்தன. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், சில நூறு டாலர் ஆம்ப்ளிஃபயரையும் பன்னிரண்டாயிரம் டாலர் ஆம்ப்ளிஃபயரையும் இப்படி நிறுத்திப் பார்த்ததில், கேட்டவர்களின் விடைகள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததற்கு மேல் எழவில்லை. நம் பிளக்குக்கு மிக அருகில் வருவது 2004-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து ஒலிப்பிரியர்களைக் கொண்டு நடந்த சோதனை. பிளக்கிலிருந்து கருவிக்குச் செல்லும் மின்கயிறுகள், ஒன்று 2,500 டாலர் பெறுவது, மற்றது கருவியோடு இலவசமாக வருவது. மொத்த விடைகள் 149, சரியானவை 73. நூற்றுக்கு 49. கலந்துகொண்டவர்கள் ஐயவாதிகளல்லர். வித்தியாசம் உண்டு என்று நம்பியவர்களே அவர்களில் மிகுதி. இவ்வகைச் சோதனை, 'யாருக்கும் ஒருபோதும் கேட்காது' என்று நிறுவுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று, அங்கே, அவர்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவே. ஆனால் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் என்று விற்கப்பட்ட ஒன்று, பெயரை மறைத்ததும் நாணயச் சுண்டலாகிப் போவது கவனிக்கத்தக்கது.

இந்தச் சோதனையை அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒருவர் வீட்டுக்கூடத்தில் செய்ய விரும்பினால் ஒரு கண்ணியை மட்டும் தவிர்க்க வேண்டும். பிளக்கை மாற்றிப் பலன் கண்டோர் பெரும்பாலும் இருபது ஆண்டுப் பழைய பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். பழையதில் தகடு தளர்ந்து, கறுத்து, தொட்டும் தொடாமலும் பொரிந்துகொண்டிருந்திருக்கும். மாற்றியதும் கரகரப்பு நின்றால் அது மெய்யாகவே கேட்கும். அந்தப் பெருமை இறுகப் பிடிக்கும் புதுத் தகட்டுக்கு உரியது, நைட்ரஜனுக்கு அன்று. ஆகவே ஒரே தயாரிப்பில் உறையவைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று, இரண்டும் புதியவை, ஒரே கம்பியில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். எதில் செருகுவது என்பதை அடுத்த அறையில் இருப்பவர் காசு சுண்டி முடிவு செய்து, செருகிவிட்டு, முகம் காட்டாமல் போய்விட வேண்டும். பதினாறு முறை. பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாக வந்தால் அது தற்செயலாக நேரும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு; அப்போது நாம் எழுந்து உட்கார்ந்து கவனிக்கலாம். நடுவே கரண்ட் போனால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. இப்பிளக்குகளில் பெரும்பாலானவை அமெரிக்க வடிவின. தட்டை முனை, 125 வோல்ட்டுக்கு என்று பொறித்தவை. நம் வீட்டு உருண்டை முனைகள் 1934-ஆம் ஆண்டின் பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரத்தின் வழிவந்தவை. 1947-இல் சதுர முனைக்கு மாறத் தொடங்கிய பிரிட்டன் கைவிட்டுவிட்டதை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். 5 ஆம்பியர் சிறியது, 15 ஆம்பியர் பெரியது. விளக்குக்கு ஒரு கட்டணம், 'பவருக்கு' ஒரு கட்டணம் என்றிருந்த நாளின் எச்சமாகப் பெரியதை இன்றும் 'பவர் பிளக்' என்கிறோம். 125 வோல்ட் பிளக்கை 230 வோல்ட் சுவரில் பதிப்பது இசைக்காகச் செய்யும் தியாகமாக இருக்கலாம், பாதுகாப்பான தியாகம் அன்று.

பிளக்கினால் ஒலி மாறவே மாறாது என்று நாம் சொல்லவில்லை. மாறுவதை இந்தப் பக்கத்து மைக்செட்காரர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். கல்யாண வீட்டின் சுவரில் பிளக் கிடைக்காதபோது, ஒயரின் தோலுரித்த இரு முனைகளையும் துளைகளில் நுழைத்துத் தீக்குச்சியை ஆப்பாக வைத்து இறுக்கி, கூண்டு ஒலிபெருக்கியில் நாதசுரத்தை ஊருக்கே கேட்கவைத்தவர்கள். பழைய பிளவுமுனைப் பின் தளர்ந்தால் பிளேடால் பிளவை விரித்துப் பிடிமானம் ஏற்றுவார்கள். பிளக்கின் தரம் என்பது பிடிமானம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆவடியில் ஆகாசவாணியின் உயர்திறன் ஒலிபரப்பிகள் நிறுவப்பட்ட நிலையம் உண்டு. அத்தகைய கோபுரங்களின் அருகில் வீட்டு மின்கம்பியே ஏரியலாகி, ஆம்ப்ளிஃபயருக்குள் அழையா விருந்தாளியாக வானொலி நுழைவது இயற்பியலுக்கு உடன்பாடானதே. அங்கே சில நூறு ரூபாய் பெறும் வடிகட்டிக்கு வேலை உண்டு. தெருவில் நியூட்ரல் அறுந்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறி, பெட்டியே கருகிப்போவதும் உண்டு. அதற்குக் காப்பு வேறு.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது துளை. ஒலிக்கருவிகள் இரண்டு, வெவ்வேறு பிளக்குகளில் எர்த் பெற்று, சிக்னல் ஒயரால் தம்முள் இணையும்போது எர்த் வழி ஒரு வளையமாகி, அதில் மின்னோட்டம் சுழன்று 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்ற முனகல் எழும். இது மெய்யான வித்தியாசம். கண்ணைக் கட்டினாலும் கேட்கும், தூங்கினாலும் கேட்கும். இதற்குக் கைகண்ட வைத்தியமாக நம் ஊர்களில் பலர் செய்வது, பிளக்கின் பெரிய பின்னை உடைத்தெறிவது அல்லது எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது. முனகல் நின்றுவிடும். காதுக்குக் கிடைத்த அமைதியின் விலை, கருவிக்குள் ஃபேஸ் கம்பி என்றாவது உலோகப் பெட்டியைத் தொட்டால் பெட்டியைத் தொடுபவரின் உயிர். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரில் மேடையேறிய கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், வீட்டிலேயே, எர்த் சரியில்லாத மின்கிதாரை வாசிக்கையில் மின்சாரம் தாக்கி மாண்டார். முனகலை நீக்க உயிரைப் பணயம் வைக்காத வழிகள் இருக்கின்றன: இரு கருவிகளையும் ஒரே பலகையில் செருகுவது, சிக்னல் வழியில் சிறு டிரான்ஸ்ஃபார்மரை வைப்பது. இரண்டும் உறைகுளிர்ப் பிளக்கைவிட மலிவு.

அந்த மூன்றாவது துளையின் மறுமுனை எங்கே போகிறது என்பதை இசையறையில் அமர்ந்திருப்போர் அரிதாகவே எழுந்துபோய்ப் பார்க்கிறார்கள். வீட்டின் பின்புறம், துளசி மாடத்துக்கோ செப்டிக் டாங்குக்கோ அருகில், கரியும் உப்பும் மாறிமாறி இட்டு நிரப்பிய குழியில் நிற்கும் ஒரு குழாயில் அது முடிகிறது. மண் ஈரமாயிருந்தால்தான் அது வேலை செய்யும். சித்திரை வெயிலில் அம்பத்தூர் மண் வறண்டு வெடிக்கும் நாள்களில் அக்குழாயின் வாயில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள் பழைய எலக்ட்ரீஷியன்கள்.